ஒலிப்பெட்டியும் அதன் ஊட்டுவாயும்

தம்புசாமிப் பிள்ளை என்றவுடன் நம் மாணவர்கள் பத்துமலையைச் சொல்வார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைச் சொல்வார்கள். இரண்டும் சரியே. ஆயினும் அப்பெருமகனாருக்கு நாம் அதிகம் பேசாத பெருமை ஒன்றும் உண்டு. 1894ஆம் ஆண்டில் அவரும் சீனத் தொழிலதிபர் லோக் யூவும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கிப் பொறியொன்றை நிறுவினர். இந்நாட்டில் மின்சாரம் தொழிலுக்குப் பயன்படத் தொடங்கிய வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. சுரங்கத்து நீரை இறைக்க வந்த ஆற்றல் அடுத்த ஆண்டே கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் விளக்காய் எரிந்தது.

நகரத்துக்கு மின்சாரம் வந்த கதையைப் பலர் எழுதியிருக்கின்றனர். மின்கம்பி எட்டாத தோட்டத்து லயத்தில் ஒரு பெட்டி எவ்வாறு பாடிற்று, எந்த வாயின் வழியே அதற்கு உணவு சென்றது, அந்த வாய் பழுதுற்றபோது யார் அதைச் செப்பனிட்டார் என்னும் கதையை நாம் இன்னும் எழுதவில்லை என்றே தோன்றுகிறது. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. கிள்ளான் வட்டாரத்தில் நான் அறிந்த பள்ளியொன்றில் காலைச் சபைகூடலுக்குப் பயன்பட்டு வந்த புளூடூத் ஒலிப்பெட்டி ஒருநாள் ஊமையாயிற்று. கூம்புக்குக் கேடில்லை; உள்ளிருந்த பேட்டரிக்கும் கேடில்லை. மின்னேற்றும் கம்பியைச் செருகுகின்ற துளை, கடைக்காரர்கள் ‘சார்ஜிங் போர்ட்’ என்கிறார்களே, அதுதான் ஆட்டங்கண்டிருந்தது. கம்பியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். கையை எடுத்தால் அணையும். “புதிதாகவே வாங்கிவிடலாம், ஐயா” என்றார் இளம் ஆசிரியர் ஒருவர். அவர்மேல் குற்றமில்லை. அவர் பிறந்து வளர்ந்த காலம் அப்படி. நகத்தளவு உறுப்பொன்றுக்காக முழுப் பெட்டியையும் குப்பையில் எறிய மனம் ஒப்பாமல், அதனைப் பையிலிட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் சென்றேன். அத்துளையை இக்கட்டுரையில் ஊட்டுவாய் என்றே வழங்குவேன்.

வானொலி இந்நாட்டுக்கு வந்தது 1921ஆம் ஆண்டில். ஜொகூர் அரசின் மின்பொறியாளராக இருந்த பர்ச் என்பவர் அதனைக் கொணர்ந்தார். 1930இல் கோலாலம்பூரின் புக்கிட் பெட்டாலிங் குன்றிலிருந்து ஆர்வலர் சங்கம் ஒன்று ஒலிபரப்பத் தொடங்கிற்று. 1937இல் சிங்கப்பூரில் முறையான ஒலிபரப்பு நிலையம் எழுந்தது. பிறகு சப்பானியர் ஆட்சி. சிற்றலை கேட்பது குற்றமென்றாயிற்று. பேரா மாநிலத்துப் பாப்பான் சிற்றூரில் சிபில் கார்த்திகேசு அம்மையார் மறைத்து வைத்திருந்த வானொலி, அவர் 1943இல் சிறைப்பட்டு வதையுண்டதற்கான காரணங்களுள் ஒன்று. ஒரு பெட்டி வாய் திறப்பது உயிர்ப்பிரச்சினையாக இருந்த காலம் அது.

1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளுக்கும் அதில் இடமிருந்தது. 1949இல் ரீடிஃபியூஷன் நிறுவனம் கம்பிவழியே வீடுகளுக்கு ஒலியைக் கொண்டு சேர்த்தது. ஆனால் கம்பி என்பது நகரவாசிக்கு வாய்த்த வரம். காடு சூழ்ந்த இரப்பர்த் தோட்டத்துக்குக் கம்பி ஏது?

மின்சாரமில்லாத இடங்களில் பயன்பட்ட அக்கால வால்வு வானொலிக்கு இருவகை உணவு வேண்டியிருந்தது. வால்வின் இழையைச் சூடேற்ற இரண்டு வோல்ட் அளவிலான ஈய அமில மின்கலம் ஒன்று. ஒலியைப் பெருக்கத் தொண்ணூறு வோல்ட் அளவிலான உலர்மின்கலக் கட்டு ஒன்று. அமில மின்கலம் தீர்ந்தால் அதனைச் சுமந்து சென்று மின்வசதியுள்ள பட்டறையில் ஏற்றிவர வேண்டும். வழியில் தளும்பினால் வேட்டியில் ஓட்டை விழும். இத்தனை தொல்லையிலும் ஒரு வசதி இருந்தது. ஊட்டுவாய் என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைத் திருகு. பச்சை பூத்தால் கத்தியால் சுரண்டி, கம்பியை மீண்டும் முறுக்கிக் கட்டினால் போதும். எழுத்தறியாத தொழிலாளியும் செய்யக்கூடிய வேலை அது.

1948 முதல் 1960 வரை நீடித்த நெருக்கடிக் காலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவானொலிகளை வைக்க அரசு ஏற்பாடு செய்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பரப்புரை மக்களைச் சென்றடைய வேண்டுமென்பது அரசின் கணக்கு. கேட்க வந்தவர்களின் கணக்கு வேறாகவும் இருந்திருக்கலாம். செய்தி முடிந்து பாட்டு வரும்வரை காத்திருப்பது எந்நாளும் மனித இயல்பன்றோ?

1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் அதனைக் கொண்டு செய்த முதல் கைவானொலி விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே சப்பானின் சோனி நிறுவனமும் களத்தில் இறங்கியது. டிரான்சிஸ்டருக்குச் சூடேற்றும் இழை தேவையில்லை. ஆகவே அமிலக் கலமும் தேவையற்றுப் போயிற்று. நான்கு அல்லது ஆறு உலர்மின்கலங்கள் போதும், வாரக்கணக்கில் பாடும். தமிழர் வாழ்வில் வானொலி ஆழ வேரூன்றியது இக்காலத்தில்தான் என்பது என் துணிபு. வானொலிச் சிறுகதையும் நாடகமும் கேட்டு எழுத்தாளரானோர் நம்மிடையே உண்டு, ரெ. கார்த்திகேசு போன்றோர் வானொலியிலேயே பணியாற்றியவர்கள்.

அப்பெட்டியின் ஊட்டுவாய் ஒரு சுருள்வில். பேட்டரி கசிந்து வில் துருப்பிடித்தால் மணல்தாளால் தேய்ப்பார்கள். வலுவிழந்த பேட்டரியை வெயிலில் காயவைக்கும் வழக்கமும் நம் இல்லங்களில் இருந்தது. படித்தவர்கள் இதனைக் கேலி செய்ததுண்டு. ஆனால் வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்துமாதலால் அந்தப் பேட்டரி சிறிது நேரம் கூடுதலாகப் பாடவே செய்யும். செலவழிந்த பொருள் மீளாது. எஞ்சியது வெளிப்படும், அவ்வளவே.

இவ்விடத்தில் தொழிற்சாலைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் செல்ல இயலாது. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த மண்ணில் ஷா ஆலம் நகரம் உருவாயிற்று. 1970களின் தொடக்கத்தில் சுங்கைவேயில் கட்டற்ற வாணிப வட்டாரம் அமைந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டப்புறங்களிலிருந்து நம் பெண்மக்களும் அவ்வேலைகளுக்குச் சென்றனர். நுண்ணோக்கியில் கண்பதித்து, மயிரிழையிலும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்த பெண்களுள் தமிழச்சிகளும் இருந்தனர். பால்மரம் சீவிய தாயின் மகள் மின்னணுச் சில்லில் கம்பி தைத்தாள். இரப்பர்த் தோட்டத்துக்கு நம் இலக்கியத்தில் எத்தனை கதைகள்! அந்த நுண்ணோக்கி மேசைக்கு எத்தனை? உலகம் முழுவதும் பாடிய பெட்டிகளில் அவர்கள் கைவேலை இருந்தது. தம் வீட்டுப் பெட்டி பழுதானால் அதைத் திறக்கும் பயிற்சியை மட்டும் எவரும் அவர்களுக்கு அளிக்கவில்லை.

ஒலிநாடா வானொலிகளின் காலத்தை விரைந்து கடக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பாட்டுக்கடைகள் நடைபாதைவரை ஒலித்த காலம் அது. அப்பெட்டிகளுக்குப் பேட்டரி அறையும் இருந்தது. சுவரிலிருந்து வரும் கம்பிக்கென வட்டத் துளையும் இருந்தது. துளை உடைந்தால் பேட்டரி போட்டுக் கேட்கலாம். ஒரு வாய் அடைத்தால் மறுவாய் திறந்திருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மாற்றம் 1991இல் தொடங்கியது. அவ்வாண்டு சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு அடிகோலிய மூவர் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். 1996இல் கணினிக் கருவிகளை இணைக்க யூ.எஸ்.பி. என்னும் பொதுத்துளை வந்தது. அதனை வகுத்தவர்களுள் இந்தியாவில் பிறந்த அஜய் பட் குறிப்பிடத்தக்கவர். 2007இல் மைக்ரோ யூ.எஸ்.பி., 2014இல் டைப்-சி. இடையே புளூடூத் வந்து ஒலிப்பெட்டியின் கம்பியை அறுத்தது. பெட்டி கையடக்கமாயிற்று. பேட்டரியோ உள்ளே சிறைப்பட்டது. பித்தளைத் திருகு, சுருள்வில், வட்டத்துளை என்று வந்த வரிசையில் முதன்முறையாக ஒரே ஒரு வாய் மட்டும் எஞ்சியது.

அந்த வாய் எத்தகையது? மைக்ரோ யூ.எஸ்.பி. துளையில் ஐந்து தொடுமுனைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு 0.65 மில்லிமீட்டர். டைப்-சியில் முழு அமைப்பாயின் 24 தொடுமுனைகள். தொலைவு அரை மில்லிமீட்டர். மின்னேற்றத்துக்கு மட்டும் பயன்படும் மலிவான பெட்டிகளில் ஆறு முனைகளோடு நிறுத்திவிடுவதும் உண்டு. இவ்விரு வகைத் துளைகளும் பத்தாயிரம் முறை செருகி எடுக்கத் தாங்கும் என்பது வரையறை. நேராகச் செருகி நேராக எடுத்தால்தான் அந்தக் கணக்கு. கம்பியைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினால், துளையின் தகட்டுக்கால்களைப் பலகையோடு பிணைத்திருக்கும் பற்று முதலில் விரிசலடையும். பின்னர் தொடுமுனைகளின் அடியிலுள்ள செப்புத்திட்டு பெயரும்.

பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை, செய்து காட்டினார். பழைய இரயில்வே முற்றம் இருந்த இடத்தில் 2001இல் எழுந்த கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடக்கும் தொலைவில், மாடிப்படியின் கீழ் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. அவ்வளவுதான் பட்டறை.

“கேபிளைக் கொண்டுவந்தீர்களா, ஐயா?” என்பதே அவருடைய முதற்கேள்வி. வேறொரு நல்ல கம்பியைச் செருகிப் பார்த்தார். துளைக்குள் விளக்கடித்து, மரப் பற்குச்சியால் பஞ்சும் தூசியும் எடுத்தார். “பாதிப் பெட்டி இதிலேயே பிழைத்துவிடும்” என்றார். எங்கள் பெட்டி பிழைக்கவில்லை. அடியிலிருந்த இரப்பர்ப் பாதங்களைப் பெயர்த்து, மறைந்திருந்த திருகுகளைக் கழற்றித் திறந்தவர், வேறெதையும் தொடுமுன் பேட்டரியின் இணைப்பைப் பிரித்தார். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்தார். உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவாராம். லித்தியம் கலத்தைக் குத்தினாலும் சூடாக்கினாலும் தீப்பிடிக்கும்.

கண்ணாடியின் கீழே குறை தெரிந்தது. தகட்டின் நான்கு கால்களுள் இரண்டில் விரிசல்; ஒரு தொடுமுனையின் செப்புத்திட்டு பெயர்ந்திருந்தது. சுற்றியிருந்த உறுப்புகளை வெப்பந்தாங்கும் நாடாவால் மூடி, இளக்குபசை தடவி, சூட்டுக் காற்றால் பழைய துளையை எடுத்தார். எஞ்சிய பற்றைச் செப்புப் பின்னலால் உறிஞ்சினார்.

‘சால்டரிங்’ என்று நாம் சொல்லும் இவ்வேலைக்கு வேண்டிய பொருளுக்குத் தமிழில் பற்றாசு என்றொரு பழஞ்சொல் உண்டு. உலோகங்களைப் பற்றுவிக்கும் கலப்பு அது. பழைய முறைப் பற்றாசில் வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. 183 பாகை செல்சியசில் உருகும். காரீயம் நீக்கிய புதுமுறையில் வெள்ளீயமே 96 பங்குக்கு மேல்; உருக 217 பாகை வேண்டும். தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ரவாங்கில் தோண்டியெடுத்ததும், கோலாலம்பூர் நகரம் பிறக்கக் காரணமானதும் இதே வெள்ளீயந்தான். சுரங்கங்கள் மூடப்பட்டு ஏரிகளாகிவிட்டன. அந்த உலோகம் குண்டூசி முனையளவில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

புதிய துளைக்கு அவர் அலையவில்லை. பூடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கிருந்து வாங்கிய துளைகள் பழைய மாத்திரைப் புட்டியொன்றில் கிடந்தன. பெயர்ந்த திட்டுக்குப் பதிலாக எனாமல் பூசிய மெல்லிய செப்புக்கம்பியை அருகிலிருந்த உறுப்புக்கு இழுத்துப் பற்றவைத்தார். தகட்டுக்கால்களுக்குத் தாராளமாகப் பற்றாசு கொடுத்தார். “இழுப்பதைத் தாங்குவது இதுதான், மற்றவையெல்லாம் மின்சாரத்துக்கு” என்றார்.

அதன்பிறகும் அவசரப்படவில்லை. நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று மல்டிமீட்டரால் சோதித்த பின்னரே பேட்டரியை இணைத்தார். துளையில் ஐந்து வோல்ட் வந்தது. லித்தியம் கலம் 4.2 வோல்ட்டுக்கு மேல் தாங்காதாகையால் இடையே ஒரு சில்லு காவல் நிற்கிறது. அது சூடாகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னொரு செய்தியும் சொன்னார். டைப்-சி வாயுள்ள சில மலிவான பெட்டிகள் பழைய கம்பியில் மின்னேறும். இருபுறமும் டைப்-சி உள்ள கம்பியில் ஏறா. துளை பழுதென்று கொண்டுவருவார்களாம். உண்மையில் 5,100 ஓம் அளவுள்ள இரு சிறு மின்தடைகளைச் செய்தவர்கள் வைக்காமல் விட்டிருப்பார்கள். அவை இல்லையேல் மறுமுனை மின்சாரத்தைத் திறந்துவிடாது. சில காசு மிச்சம் பிடித்த குறைக்குத் துளை பழி சுமக்கிறது!

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளோடு கையடக்க ஒலிப்பெட்டிகளுக்கும் டைப்-சி வாயே வேண்டுமென விதித்துள்ளது. உலகச் சந்தைக்குச் செய்வோர் ஒரே வகையைச் செய்வார்கள் என்பதால் அதன் பயன் பூடுவின் உதிரிப்பாகக் கடைவரை எட்டக்கூடும். எனினும் வாய் ஒன்றாவது வேறு. அதனை மாற்றத் தெரிந்த கை இருப்பது வேறு. அந்த மேசையருகே கற்றுக்கொள்ளும் இளைஞர் எவரையும் நான் காணவில்லை. கேட்டபோது, “கைப்பேசிக் கடைக்குப் போய்விடுகிறார்கள், ஐயா” என்று சொல்லிச் சிரித்தார்.

மூடியைப் பொருத்துமுன் அதன் உட்புறத்தில் மாதத்தையும் ஆண்டையும் மைக்கோலால் எழுதினார். தண்ணீர் புகாதிருக்க வைத்த இரப்பர் வளையம் இனி முன்போல் இறுகாது, மழையில் வைக்க வேண்டா என்றும் சொல்லியனுப்பினார். கேஎல் சென்ட்ரலில் இரயிலேறிக் கிள்ளான் திரும்பினேன். திங்கட்கிழமை நெகாராகூவும் அதன்பின் தமிழ் வாழ்த்தும் அப்பெட்டியிலிருந்தே ஒலித்தன. கம்பியை நேராகச் செருகி நேராக எடுக்கும் பொறுப்பை இளம் ஆசிரியர் ஆறாமாண்டு மாணவி ஒருத்தியிடம் ஒப்படைத்திருக்கிறார்.