பிரீட்ரிக்கின் கடற்கரை ஓவியத்தில் ஒளி

கடலைத் தீட்டிய ஐரோப்பிய ஓவியர் பலர். அவருள் செருமானியப் புனைவியல் ஓவியராகிய காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் (1774-1840) வரைந்த ‘கடலோரத் துறவி’ என்னும் ஓவியம், தன் வெறுமையால் அறிஞரிடையே நெடுங்காலமாக வினா எழுப்பி வருகின்றது. அவ்வெறுமை ஓவியரின் குறையா, அன்றித் தேர்ந்து கொண்ட முறையா என்பதையும், அதற்கும் ஓவியத்தின் ஒளிக்கும் உள்ள தொடர்பையும் ஈண்டு ஆராய்வாம்.

பிரீட்ரிக் பால்டிக் கடலோரத்துக் கிரைப்ஸ்வால்ட் நகரிற் பிறந்தவர். அந்நகர் அக்காலத்துச் சுவீடன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1794 முதல் 1798 வரை கோபன்ஹேகன் கலைக்கழகத்திற் பயின்று, பின்னர் டிரெஸ்டன் நகரிற் குடியேறினார். ஆயினும் பிறந்த மண்ணின் கரையையும் அதனை அடுத்த ரூகன் தீவையும் பன்முறை சென்று கண்டு வரைந்தார். ‘கடலோரத் துறவி’ 1808க்கும் 1810க்கும் இடையே உருவாயிற்று. உயரம் 110 செ.மீ.; அகலம் ஏறத்தாழ 171 செ.மீ. கீழே வெளிறிய மணற்கரை. அதனை அடுத்துக் கரிய கடல் ஒரு குறுகிய பட்டை. எஞ்சிய பெரும்பரப்பு முழுதும் வானம். கரையில் துறவி ஒருவர் தனித்து நிற்கின்றார். ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை.

முந்தைய மரபு இத்தகையதன்று. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் கப்பல்களாற் கடலை நிரப்பினர். அதே நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த குளோட் லொரேன், துறைமுகக் காட்சிகளில் ஞாயிற்றைத் தொடுவானத்தருகே நிறுத்தி, அதன் கதிர் நீர்மேற் படருமாறு அமைத்தார். பிரீட்ரிக்கின் காலத்தவரான ஆங்கில ஓவியர் டர்னர் (1775-1851) லொரேனைப் போற்றி அவ்வழியை வளர்த்தார். இம்மரபில் ஒளிக்கு ஒரு மூலம் உண்டு. கட்டடங்களோ மரங்களோ பக்கத்தில் நின்று கண்ணை அதன்பாற் செலுத்தும். பிரீட்ரிக்கிடம் இவ்விரண்டும் இல்லை.

1810இல் பெர்லின் கலைக்கழகக் காட்சியில் இவ்வோவியம் வைக்கப்பெற்றது. பிரஷ்ய மன்னர் இதனை வாங்கினார். பிரெந்தானோவும் ஆர்னிமும் இதுபற்றி எழுதி அனுப்பிய கட்டுரையைப் பத்திரிகை ஆசிரியர் கிளைஸ்ட் பெரிதும் மாற்றி அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்டார். கண் பற்றிக்கொள்ள முன்னணிப் பொருள் ஏதும் இல்லாமையே அக்கட்டுரையிலும் பேசப்பட்டது.

இவ்வெறுமைக்குச் சிலர் ஓவியரின் வாழ்க்கைத் துயரைக் காரணமாகக் காட்டுவர். 1787இல் அவர்தம் உடன்பிறந்தான் பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கி இறந்தமை உண்மையே. ஆயினும், துயரம் ஓவியம் வரையத் தூண்டலாமேயன்றி, அவ்வோவியம் இவ்வாறு அமைந்ததற்குத் தானே விளக்கம் ஆகாது. அதற்குரிய சான்றை ஓவியத்தினுள்ளேயே தேடல் வேண்டும்.

அச்சான்று கிடைத்துள்ளது. ஊடுருவும் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, வண்ணத்தின் அடியிற் கப்பல்கள் இருந்தமை தெரிந்தது. பிரீட்ரிக் அவற்றை முதலில் அமைத்துப் பின்னர் மறைத்துவிட்டார். சுவடியில் அடிக்கப்பட்ட பாடத்தைக் கண்ட பதிப்பாசிரியர் நிலை ஈண்டு நமக்கு வாய்க்கின்றது. எழுதத் தெரியாமல் விட்டது வேறு. எழுதியபின் வேண்டாவென விலக்கியது வேறு. ஆகலின் வெறுமை குறையன்று. துணிந்து செய்த முடிவு என்க.

இம்முடிவின் வேர் அவருடைய பழைய பயிற்சியில் உள்ளது. 1807 அளவில் எண்ணெய் வண்ணத்திற்குத் திரும்புமுன் அவர் பெரிதும் கையாண்டது செப்பியா என்னும் பழுப்பு மை. 1805இல் கெதேயின் வைமார் போட்டியிற் பரிசிற் பாதியைப் பெற்றுத் தந்தவையும் செப்பியா ஓவியங்களே. இம்மையில் ஒளியைத் தீட்ட இயலாது; தாளைத் தொடாது விட்ட இடமே ஒளி. எதனை விடுவது என்பதை முன்னரே துணிதல் வேண்டும். எண்ணெய் வண்ணத்திலும் அவர் மெல்லிய படலங்களையே பூசி, அடித்தளத்தின் வெண்மை ஊடே தோன்றச் செய்தார். செப்பியாவில் விலக்குதல் தொடாது விடுதல். எண்ணெய் வண்ணத்தில் அது மேற்பூச்சால் மறைத்தல். செயல் வேறாயினும் நோக்கம் ஒன்றே. கப்பல் நின்றிருப்பின் வானம் அதற்குப் பின்புலமாகி ஒடுங்கியிருக்கும். அது நீங்கவே, கடலை ஒட்டிய இருளினின்று மேலேறும் ஒளியின் படிநிலைகளே பொருளாயின.

2013 முதல் 2016 வரை பெர்லினில் இவ்வோவியம் செப்பனிடப்பெற்றது. மங்கிய மெருகெண்ணெயும் பிறர் செய்த மேற்பூச்சுகளும் நீக்கப்பட, வானத்தின் நீலம் முன்னினும் தெளிவாகத் தோன்றிற்று. துயரம் எனப் பலரும் கண்ட மங்கலில் ஒரு பங்கு காலத்தின் மாசே. ஓவியரின் உள்ளத்தை உரைக்க முற்படுவோர், தாம் காண்பது அவர் தீட்டியதா, பின்வந்தோர் பூசியதா என்பதை முதலில் தெளிதல் வேண்டும் என்பது எம் துணிபு.