சுல்தானுக்கு இறுதி மரியாதை

நம் லயங்களில் சாவு விழுந்தால், தூரத்து மகள் வந்து முகம் பார்க்கும்வரை எடுக்கமாட்டோம். தாய்லாந்து மன்னர் பூமிபோல் 2016 அக்டோபரில் மறைந்தார். தகனமோ மறு ஆண்டு அக்டோபரில்தான். நம் பகாங் மாநிலத்தில் நடந்தது வேறு. 1974 முதல் 2019 ஜனவரி வரை ஆண்ட சுல்தான் அகமட் ஷா, அதே ஆண்டு மே 22ஆம் நாள், நோன்பு மாதத்தில், கோலாலம்பூரில் காலமானார். பெக்கான் அபு பக்கார் அரண்மனையில் மக்கள் அஞ்சலி செலுத்தினர். மறுநாளே அடக்கம்! இஸ்லாத்தில் உடலைக் காக்கவைப்பது முறையன்று. குளிப்பாட்டுவது, வெள்ளைக் கபன் துணி, ஜனாஸா தொழுகை எல்லாம் அரசருக்கும் குடியானவருக்கும் ஒன்றே. மலாய் அரச துக்கத்தின் நிறமும் வெள்ளைதான். ஆண்கள் சொங்கோக்கில் வெள்ளை நாடா சுற்றிக்கொள்வார்கள். திரிங்காப்பிலிருந்து மலையிறங்கி, கிழக்குக் கரையிலுள்ள பெக்கானுக்குப் போய்ச்சேர பல மணி நேரம் பிடிக்கும். மறுநாள் சாவகாசமாகப் புறப்பட்டவர் மூடிய கபுரைத்தான் பார்த்திருப்பார்.