எரித்தெடுக்க முடியாத பொன்

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுச் சேலைகளை விலைக்கு வாங்குவோர் உண்டு. அவர்களுக்கு வேண்டியது சேலையன்று, சரிகை. பட்டை எரித்துச் சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவதே அசல் சரிகை. தங்கம் மிகச் சொற்பம். கண்ணுக்கோ முழுதும் பொன்.

இத்தகைய வித்தையை மண்ணில் செய்து காட்டியவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டு இராக்கின் குயவர்கள். சீனத்திலிருந்து கடல்வழி வந்த வெண்பீங்கான் அங்கே பெரும் மோகத்தை எழுப்பியிருந்தது. அத்தகைய களிமண் பாஸ்ராவில் இல்லை. எனவே வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசி மண்ணின் நிறத்தை மறைத்தனர். அத்துடன் நிற்கவில்லை. சுட்டெடுத்த வெண்கலத்தின்மீது வெள்ளி, செம்பு உப்புகளைக் காவிமண்ணில் குழைத்து ஓவியம் தீட்டி, மீண்டும் சூளையில் வைத்தனர். இம்முறை வெப்பம் குறைவு, புகை அதிகம். புகை சூழ்ந்த சூளையில் உயிர்வளி குறைய, உலோகம் நுண்துகள்களாக மெருகுக்குள் தங்கிவிடுகிறது. இவையே லஸ்டர் கலங்கள். ஈரானின் காஷான் நகரக் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், 1301-ல் எழுதிய நூலில் இம்முறையை விவரிக்கிறார்: எழுபத்திரண்டு மணி நேரம் மெல்லிய புகை, ஆறியபின் ஈரமண்ணால் தேய்த்தால் பொன்னிறம் வெளிப்படும். கொஞ்சம் பிசகினால் சூளை முழுவதும் பாழ்.

பொன் பாத்திரத்தில் உண்பதைச் சமயம் விலக்கியதால்தான் இக்கலை பிறந்தது என்று சொல்வதுண்டு. நமக்கு அது போதிய விளக்கமாகத் தோன்றவில்லை. துனீசியாவில் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி, 862-ஐ ஒட்டிப் பதிக்கப்பட்ட லஸ்டர் ஓடுகளை இன்றும் காணலாம். சுவரோட்டில் யாரும் உண்பதில்லை!

அந்த 862-ல் காஞ்சியில் ஆண்டவன் யார்? தெள்ளாறெறிந்த மூன்றாம் நந்திவர்மன், நந்திக்கலம்பகத்தின் தலைவன். அவனுக்கு அவனிநாரணன் என்றொரு பெயர். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும், அதற்குக் காவலாக மணிக்கிராமத்தாரையும் சேனாமுகத்தாரையும் குறிக்கிறது. அவ்வாற்றின் முகத்துவாரத்திலுள்ள கோ கோ காவ் தீவில் சீனக் கலவோடுகளும், மேற்காசிய மெருகுக் கலவோடுகளும், கண்ணாடித் துண்டுகளும் கிடைத்துள்ளன. பாஸ்ராவின் குயவனைச் சீன வெண்பீங்கானுக்காக ஏங்கவைத்த அதே கடல்வழியில்தான் காஞ்சி மன்னனின் பெயர் தாங்கிய குளமும் இருந்தது. கல்வெட்டு சில வரிகளில் முடிந்துவிடுகிறது என்பதே நம் வருத்தம்.

அந்த மணிக்கிராமத்தார் எதை ஏற்றிச் சென்றனர்? துணி இல்லாமல் இருந்திருக்குமா? ஆனால் பல்லவர் காலத்துக் காஞ்சித் துணி ஒரு முழம்கூட நம்மிடம் இல்லை. ஓடுகள் மட்டும் மிஞ்சின. நூல் மக்கும், மண் மக்காது என்பது பாதிக் காரணம். மறுபாதியை நாம் அதிகம் எண்ணுவதில்லை. பொற்கிண்ணம் உடைந்தால் உருக்குவார்கள். லஸ்டர் கிண்ணம் உடைந்தால் குப்பையில் எறிவார்கள். அதிலுள்ள வெள்ளியை யாராலும் லாபமாகப் பிரித்தெடுக்க முடியாது. 1911 முதல் 1913 வரை சாமர்ராவில் அகழ்ந்த ஹெர்ட்ஸ்ஃபெல்டுக்கு லஸ்டர் துண்டுகள் கிடைத்ததற்கு அவற்றின் இந்த மதிப்பின்மையும் ஒரு காரணம்.

சரிகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பீரோவிலிருந்து கொள்ளுப்பாட்டியின் கூறைப்புடவை வெளியே வருகிறது. கிழிந்த சேலையை விற்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. எடைபோடக் கொடுக்கும் முன், கரையையும் முந்தானையையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். முடிந்தால் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொண்டு, யாருடைய திருமணத்துக்கு, எந்த ஆண்டு வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்துத் தைத்துவிடுங்கள்.