ஆரிகன் மலையில் ஒரு திராட்சைக் குடியானவர்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஆரிகன் மாநிலத்தின் பெயர் இப்போது நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் என்று சொல்லிக்கொண்டு, அங்கே சில்லுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள் நம் வட்டத்திலேயே பலர். அந்த ஊர்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் எட்டிவிடக்கூடிய இடம் டண்டீ மலை. செம்மண் சரிவு, வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. உலகத்தின் நல்ல திராட்சை மது விளையும் இடங்களில் ஒன்று என்று இன்று அதைச் சொல்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் அப்படிச் சொன்னவரைப் பைத்தியம் என்றார்கள்.

நான் மது அருந்துகிறவன் அல்ல. அதன் ருசியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். எந்தப் பயிரைப் பார்த்தாலும் மண், தண்ணீர், மழை, சந்தை, கையிருப்பு என்று மனம் தானாகக் கணக்குப் போடும். அந்தக் கண்ணோடுதான் டேவிட் லெட் என்பவரின் கதையைச் சொல்கிறேன்.

முதலில் பயிரைப் பற்றிக் கொஞ்சம். பினோ நுவார் என்பது ஒரு கறுப்புத் திராட்சை ரகம். பிரான்சின் பர்கண்டிப் பகுதிதான் அதன் தாய்வீடு. அங்கே 1395-லேயே பிலிப் என்ற கோமகன், மகசூல் அதிகம் தரும் வேறொரு ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி, பினோவையே வளர்க்க வேண்டும் என்று ஆணை போட்டார். அவ்வளவு பெருமை உள்ள ரகம், அவ்வளவு தொல்லையும் பிடித்தது. தோல் மெல்லியது. குலையில் பழங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் ஈரம் தங்கினால் அழுகல்தான். வசந்தத்தில் முந்திக்கொண்டு துளிர் விடும், அதனால் பனி கருக்கிவிடும் ஆபத்து. வெயில் அதிகமானால் பழம் சீக்கிரம் பழுத்து வாசனை போய்விடும். குறைந்தால் பழுக்கவே பழுக்காது. மெல்ல மெல்லப் பழுத்து, மழை வருவதற்கு முந்தின வாரம் முதிர வேண்டும். இப்படி ஒரு பயிருக்குக் கடன் கேட்டு யாராவது என் மேசைக்கு வந்திருந்தால் இரண்டு முறை யோசித்திருப்பேன்.

டேவிட் லெட் 1939-இல் பிறந்தவர். யூட்டா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகக் கலிபோர்னியா போனவர் நாபாப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தார். பல் மருத்துவம் அதோடு போயிற்று. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பு படித்து, பிறகு ஐரோப்பாவில் சில மாதங்கள் சுற்றினார். பினோவுக்குக் கலிபோர்னியா வெயில் ஆகாது, பழம் தட்டுத் தடுமாறிப் பழுக்கிற குளிர்ப் பிரதேசம்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேடிக் கண்டுபிடித்தது ஆரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கு. பர்கண்டியைப் போலவே பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே உள்ளது. கோடையில் பகல் நீளம், மழை கிடையாது. இலையுதிர்காலத்தில் மழை வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஆசிரியர்கள் தடுத்தார்கள். பனியில் கருகும், மழையில் அழுகும் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. அந்த ஆபத்து இரண்டும் அங்கே இன்றைக்கும் இருக்கிறது.

1965-இல், இருபத்தைந்து வயதில், மூவாயிரம் திராட்சைக் குச்சிகளோடு ஆரிகன் வந்து கார்வாலிஸ் ஊருக்குப் பக்கத்தில் நாற்றங்காலில் ஊன்றினார். அடுத்த வருடம் டண்டீ மலையில் ஒரு பழைய ப்ளம் பழத்தோப்பை வாங்கி, புது மனைவி டயானாவோடு சேர்ந்து கொடிகளை இடம் மாற்றி நட்டார். புதுமணத் தம்பதிக்கு அதுதான் தேனிலவு. பக்கத்தில் கூடு கட்டியிருந்த பருந்துகளை வைத்துத் தோட்டத்துக்கு ஐரி என்று பெயர் வைத்தார்கள். பருந்துக்கூடு என்று பொருள். வயிற்றுப்பாட்டுக்குக் கல்லூரிப் பாடப்புத்தகங்கள் விற்கும் வேலை. மது தயாரிக்கக் கட்டடம் கட்ட வசதியில்லை. மெக்மின்வில் ஊரில் வான்கோழி பதப்படுத்திக்கொண்டிருந்த பழைய ஆலை ஒன்றில் பீப்பாய்களை வைத்தார்.

நட்டது 1966. முதல் மது 1970. நான்கு வருடம் தோட்டத்திலிருந்து ஒரு காசு வரவில்லை. பறித்த பிறகும் உடனே விற்க முடியாது. பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். அப்படி வந்த முதல் மதுவும் நிறம் வெளுத்துப்போய் இருந்தது. இதைப் பினோ நுவார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்து, ‘ஆரிகன் ஸ்பிரிங் ஒயின்’ என்று சீட்டு ஒட்டி விற்றார். நிறத்துக்காக எதையாவது கலந்து பெரிய பெயரில் விற்றிருக்கலாம். அதைச் செய்யவில்லை.

இந்த நேர்மை பின்னால் சட்டமாகவும் வந்தது. 1977-இல் ஆரிகன் மாநிலம் கடுமையான சீட்டு விதிகளைக் கொண்டுவந்தது. புட்டியில் பினோ நுவார் என்று போட்டால் உள்ளே 90 விழுக்காடு அதுவாக இருக்க வேண்டும். நாட்டின் பொதுச் சட்டத்துக்கு இன்றைக்கும் 75 போதும். நிலத்துக்கும் ஒரு காவல் கிடைத்தது. 1973-இல் டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது நிலப்பயன்பாட்டுச் சட்டம் வந்து, விவசாய நிலத்தைக் காக்கத் திட்டம் போடச் சொன்னது. மலைச்சரிவுகள் நல்ல விவசாய நிலம் இல்லை, வீட்டுமனை போடலாம் என்ற பேச்சு இருந்தது. லெட், டேவிட் அடெல்ஷைம் முதலிய திராட்சைக்காரர்கள் போய், இந்தச் சரிவுதான் எங்களுக்கு நஞ்சை நிலம் மாதிரி என்று வாதாடிக் காப்பாற்றினார்கள். அன்று விட்டிருந்தால் இன்று டண்டீ மலையில் வீடுகள்தான் இருந்திருக்கும். நம் ஊர் வயல்களில் மனைக்கல் ஊன்றியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1979-இல் பாரிஸில் கோ-மியோ என்ற பிரெஞ்சுப் பத்திரிகை உலக ஒயின் போட்டி ஒன்றை நடத்தியது. புட்டியின் பெயரை மறைத்து ருசி பார்க்கும் போட்டி. ஐரி தோட்டத்தின் 1975-ஆம் வருடத்து மது, தன் பிரிவில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. நட்டு ஒன்பது வருடமே ஆன கொடி. பர்கண்டியில் பெரிய மது வணிகரான ராபர்ட் த்ரூவானுக்கு இதில் திருப்தி இல்லை. போட்டிக்கு வந்த பிரெஞ்சு மது சரியில்லை என்று கருதி, 1980-இல் போன் நகரத்தில் தானே மறுபோட்டி வைத்து, தன் நிலவறையிலிருந்து நல்ல புட்டிகளை இறக்கினார். அவருடைய 1959-ஆம் வருடத்து ஷாம்போல்-மூசின்யி முதலிடம் பெற்றது. இரண்டாவது ஐரி. வித்தியாசம் 0.2 புள்ளி!

த்ரூவான் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவருடைய மகள் வெரோனிக் 1986-இல் ஆரிகனுக்கு வந்து தோட்டங்களில் பயிற்சி பெற்றார். 1987-இல் அந்தக் குடும்பமே டண்டீ மலையில் நிலம் வாங்கியது. தோற்றவர் வந்து கற்றுக்கொள்வது பார்த்திருக்கிறோம். ஜெயித்தவர் வந்து பக்கத்து நிலத்தை வாங்கியது லெட்டுக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

இனி வருடங்களின் கதை. ஒயின் புட்டியில் வருடம் போடுவது எதற்கு என்று பலர் கேட்பார்கள். பழசா புதுசா என்று காட்டுவதற்கு மட்டும் அல்ல. அந்த வருடத்து வானிலை முழுவதும் அந்தப் புட்டிக்குள் இருக்கிறது. ஜூனில் பூ, ஆகஸ்டில் பழம் நிறம் மாறுதல், செப்டம்பர்-அக்டோபரில் அறுவடை என்பது வில்லாமெட் கணக்கு. 1984-இல் மழை கொட்டி அறுவடையைக் கெடுத்தது. அடுத்த 1985 அருமையான வருடம். 2003 கொளுத்தியது. 2007-இல் அறுவடை நேரத்தில் மழை. 2011-இல் குளிர் விலகவே இல்லை. சிலர் நவம்பரில் பறித்தார்கள். மறு வருடமே, 2012, எல்லாம் கூடிவந்தது. 2007-ஐ விமரிசகர்கள் முதலில் மட்டம் தட்டினார்கள். நாலைந்து வருடம் புட்டியில் கிடந்த பிறகு, பரவாயில்லையே என்று மாற்றிச் சொன்னார்கள். மெலிந்து பிறந்த பிள்ளை பின்னால் தேறி வருவதைப் போல.

சின்னத் தோட்டக்காரனுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. பெரிய கம்பெனி பல ஊர்ப் பழத்தைக் கலந்து எல்லா வருடமும் ஒரே ருசியில் தந்துவிடும். ஒரே சரிவில் விளைவிக்கிறவனுக்கு அந்த வருடம் என்னவோ அதுதான். அந்தப் பக்கத்தில் மே மாதக் கடைசியில் ஒரு வார இறுதி, நவம்பரில் நன்றி நவிலும் பண்டிகை வாரம் என்று இரண்டு தடவை, மற்ற நாளில் பூட்டியிருக்கும் சின்னக் கூடங்களும் கதவைத் திறந்து புது மதுவை விற்பது வழக்கமாயிற்று. வாசலில் நின்று, இந்த வருடம் மழை, இது இப்படித்தான் இருக்கும் என்று வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

சோதனை வெயில் மழையோடு நிற்கவில்லை. 1990-இல் வேரை உறிஞ்சும் ஃபிலாக்ஸெரா பூச்சி ஆரிகனில் தென்பட்டது. ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் கொடிக்கு அது எமன். லெட்டின் பழைய கொடிகள் எல்லாம் சொந்த வேர்தான். 2020 செப்டம்பரில் காட்டுத்தீ. நாள்கணக்கில் புகை பள்ளத்தாக்கை மூடியது. புகை பழத்தோலில் ஏறினால் மதுவில் சாம்பல் வாசம் வரும். பல கூடங்கள் அந்த வருடம் பினோ நுவார் சிவப்பு மதுவே போடவில்லை. ஒரு வருட வருமானத்தை விட்டாலும் பெயரை விடக்கூடாது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள்.

லெட் 2008 அக்டோபரில் காலமானார். அதற்கு முன்பே, 2005-இல், மகன் ஜேசன் பொறுப்பேற்றுவிட்டார். ‘பாப்பா பினோ’ என்று அந்த வட்டாரம் அவரை அழைத்தது. மூவாயிரம் குச்சியோடு ஒருவர் தொடங்கி வைத்த பள்ளத்தாக்கில் இன்று நூற்றுக்கணக்கான ஒயின் கூடங்கள் இருக்கின்றன.

அடுத்த தடவை பிள்ளையைப் பார்க்க ஹில்ஸ்பரோ போகிறவர்கள், மது வேண்டாதவர்களாக இருந்தாலும், செப்டம்பர் கடைசியில் டண்டீ மலைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். அறுவடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே குலை வெட்டுவதைப் பார்க்கலாம். ஐப்பசியில் நெல் அறுக்கிற நம் தஞ்சாவூர்க்காரர் முகத்தில் இருக்கும் அதே கவலை அங்கேயும் இருக்கும்.