எண்ணிக்கையை மறைக்காத ஆண்டு

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு வீடாக ஏறி இறங்கி, கேட்டதை நோட்டில் எழுதி வருவதுதான் என் பிழைப்பாக இருந்தது. பெரியம்மை ஒழிந்ததை யாராவது ஊசியின் வெற்றி என்று மட்டும் சொன்னால் என்னால் பொறுக்க முடிவதில்லை.

தடுப்பு மருந்து இருந்தது. நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் அது தயாரானது. 1962இல் மத்திய அரசு ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, நூற்றுக்கு 80 பேருக்கு அம்மை குத்தினால் போதும் என்று நினைத்தார்கள். கணக்குக் காட்டுவதற்கு வசதியாகக் கிடைத்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கே திரும்பத் திரும்பக் குத்தினார்கள். கைக்குழந்தைகளும் ஊர் ஊராகப் பிழைக்கப் போனவர்களும் விட்டுப்போனார்கள். தென் மாநிலங்களில் நோய் அடங்கிய பிறகும் உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், மத்தியப்பிரதேசம் ஆகியவற்றில் அது ஓயவில்லை. அம்மை கண்டதாக எழுதினால் மேலிருந்து வசவு விழும் என்று பயந்து, கீழே இருந்தவர்கள் எழுதாமலே விட்டார்கள்.

1973 மழைக்காலம் முடிந்ததும் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வழியை மாற்றின. மாதத்தில் ஒரு வாரம் மலேரியா ஊழியர், குடும்பக் கட்டுப்பாட்டு ஊழியர் எல்லோரும் தங்கள் வேலையை ஒதுக்கிவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் காட்டி, “இப்படி யாருக்காவது இருக்கிறதா?” என்று கேட்டார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நோயாளிகள் வெளிப்பட்டார்கள். நோய் கண்ட வீட்டு வாசலில் இரவும் பகலும் காவல் போட்டு, உள்ளே போகிறவருக்கெல்லாம் அம்மை குத்தினார்கள்; சுற்றுவட்டாரத்துக்கும் குத்தினார்கள். அந்தக் குடும்பம் வெளியே போகாமலிருக்கச் சாப்பாட்டுச் செலவையும் ஏற்றார்கள். இந்த ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். கூலிக்குப் போகிறவரை வயிற்றுக்கு வழி செய்யாமல் எப்படி வீட்டில் உட்காரச் சொல்வது?

1974 கொடுமையான ஆண்டு. நாடு முழுவதும் 1,88,003 பேருக்கு நோய். 31,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மே மாதம் ரயில் வேலைநிறுத்தம் வேறு. பொக்ரானில் அணுகுண்டு சோதித்த நாட்டில் இன்னும் அம்மையா என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேட்டன. பீகார் அமைச்சர் ஒரு கூட்டத்தில், பழையபடி எல்லோருக்கும் ஊசி என்ற முறைக்கே திரும்பலாம் என்றார். கூட்டத்திலிருந்த இளம் இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு வீடு பற்றி எரிந்தால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டிலும் ஊற்ற மாட்டோம் என்ற பொருளில் பேசினார். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் பொறுத்தார். அந்த மாதம் கிடைத்ததால்தான் வேலை தப்பியது.

1975 மே மாதம் பீகாரின் கட்டிஹார் மாவட்டத்தில் உள்நாட்டுத் தொற்றின் கடைசி நோயாளி. அதே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் வங்கதேசத்திலிருந்து நோயோடு வந்த ஒரு பெண். அதன்பின் யாருமில்லை. ஆனாலும் தேடலை நிறுத்தவில்லை. தகவல் தருபவருக்கான பரிசை 1,000 ரூபாயாக உயர்த்தி, 1977 ஏப்ரலில் சர்வதேச ஆணையம் நோய் ஒழிந்ததாகச் சான்று தரும் வரை வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.