மணவிழாப் படங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நமது காலனியில் ஒரு வீட்டில் திருமணம் நிச்சயமாயிற்று என்றால், நாள் பார்த்து, மண்டபம் பேசி, சமையற்காரருக்கு முன்பணம் கொடுத்தவுடன் அடுத்து எழும் வினா, "வீடியோவுக்கு யாரைச் சொல்லியிருக்கிறீர்கள்?" என்பதே. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆடம்பரமெனக் கருதப்பட்ட இப்பொருள், இன்று நாதசுரத்திற்கு அடுத்த இடத்தைப் பெற்றுவிட்டது. சில மண்டபங்களில் நாதசுரத்தையே பின்னுக்குத் தள்ளிவிட்டது எனினும் மிகையாகாது. இவ்வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை இவ்வாண்டு மலர் வாயிலாகச் சிறிது நோக்குவோம்.

படம் என்பதே இல்லாத காலத்தில் நம் முன்னோர் திருமணத்தை எழுத்தில் வைத்தனர். மொய் ஏடு என்பது பணக் கணக்கு மட்டுமன்று. இன்ன ஊரிலிருந்து, இன்னார் மகன் இன்னார் வந்தார் என்பதற்கு அது ஒரு சான்று. மணமகளின் பட்டுச் சேலை என்ன நிறம் என்று எந்த மொய் ஏட்டிலும் இராது. வந்தவர் பெயர் ஒன்றும் விடுபட்டிராது. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு வேலை வரும்.

ஒளியைக் கொண்டு உருவத்தைப் பதிக்கும் கலை ஐரோப்பாவில் 1839-ஆம் ஆண்டு உலகறிய வெளிப்பட்டது. அதன்பின் பதினேழே ஆண்டுகளில், 1856-இல், சென்னையில் புகைப்படக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. ஓவியக் கல்லூரியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் என்பாரே அதற்கும் காரணர். அந்நாளில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அலுவலர் நமது பெங்களூரில் தங்கி, தாம் பர்மாவில் எடுத்த படங்களை அச்சிட்டார் என்பது இவ்வூரில் வாழும் நாம் அறியத்தக்க செய்தி. அவரே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தோரு படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி நெடியதொரு சுருளாக்கினார். கோயிலுக்கும் கல்வெட்டுக்கும் கிடைத்த அந்தப் பேறு குடும்பங்களுக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன.

கிடைத்தபோதும் மக்கள் எளிதில் உடன்படவில்லை. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் நம் பாட்டிமார் காலம்வரை நிலவிற்று. துணிந்தவர்கள் திருமணம் முடிந்த சில நாட்களில் ஸ்டூடியோவுக்குச் சென்றனர். இருவரும் நாற்காலியில் விறைத்து அமர்வர். பின்னே வரைந்த திரையில் தூணும் மாடப்படியும் இருக்கும். பெண்ணின் பூ வைத்துப் பின்னிய சடை தெரியும்படி பக்கத்தில் நிலைக்கண்ணாடி நிறுத்தப்படும். அக்கண்ணாடியைக் கண்டுபிடித்த தமிழன் யாரோ, அவனுக்கு ஒரு சிலை வைக்கலாம். இத்தகைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி மின்வடிவில் பாதுகாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்துள்ளனர் என்பதிலிருந்து அவற்றின் மதிப்பு விளங்கும்.

ஒரு படத்தின் மதிப்பு எத்துணை என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் இருந்த கணித மேதை இராமானுசனுக்கும் ஜானகியம்மாளுக்கும் 1909-இல் திருமணம் நிகழ்ந்தது. இராமானுசன் 1920-இல் மறைந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1936-இல், பேராசிரியர் ஹார்டி அவருக்கு ஒரு நல்ல படம் வேண்டுமென விரும்ப, வானியல் அறிஞர் சந்திரசேகர் தாயகம் வந்தபோது அம்மையாரைத் தேடிச் சென்று விசாரித்தார். கிடைத்தது யாது? 1919-இல் தாயகம் திரும்புவதற்காகக் கடவுச்சீட்டுக்கென எடுத்த படம்! இன்று உலகெங்கும் நாம் காணும் இராமானுசன் முகம் அதுவே. பாரதியாருக்கும் நமக்குக் கிடைத்துள்ள படங்கள் ஐந்தே என்பர். அவர் குரலோ ஒரு நொடியும் இல்லை.

நிற்க. அசையும் படத்தின் கதைக்கு வருவோம். பாரிசு நகரில் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் லூமியேர் உடன்பிறப்பினர் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துச் சிறு படங்களுள் ஒன்று, ஆகஸ்ட் லூமியேரும் அவர் மனைவியும் தம் கைக்குழந்தைக்கு உணவூட்டும் காட்சி. ஆகவே சினிமா பிறந்த அன்றே குடும்பப் படமும் பிறந்துவிட்டது! அதனைக் கண்டோர் குழந்தையைக் காட்டிலும், பின்னால் தோட்டத்து இலைகள் காற்றில் அசைந்ததையே வியந்து பேசினர் என்பர். அரங்கத்துக்கு உரியவரை விட்டு ஓரத்தில் இருப்பதன்மேல் கண் செல்வது அன்று தொட்டு இன்றுவரை மாறவில்லை.

பம்பாய் வாட்சன் விடுதியில் 1896 ஜூலை 7-ஆம் நாளும், சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் 1897-இலும் இப்படங்கள் காட்டப்பெற்றன. ஆயின் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குடும்பங்களுக்கு அவற்றைக் கொண்டு சேர்த்தவர் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஆவார். இரயில்வே ஊழியராகிய நமக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு, அதனை மறைப்பானேன்? 1905-இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சியில் நோயுற்று ஊர் திரும்ப முற்பட்டபோது, அவரிடமிருந்த படக்கருவியையும் சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். நிலையான சம்பளத்தை விட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1914-இல் கோவையில் அவர் அமைத்த வெரைட்டி ஹால் அரங்கின் பெயரால் அச்சாலை இன்றும் வழங்குகின்றது.

குடும்பத்தார் தாமே படம் பிடிக்க ஏற்ற 16 மில்லிமீட்டர் சுருளைக் கோடக் நிறுவனத்தார் 1923-இலும், எட்டு மில்லிமீட்டர்ச் சுருளை 1932-இலும், சூப்பர் எட்டு என்பதை 1965-இலும் வெளியிட்டனர். நம் நாட்டில் ஆங்கிலேய அலுவலர் குடும்பங்கள் அவ்வாறு எடுத்த படங்கள் பல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் இன்றும் உள்ளன. நம்மவரில் பெருந்தனக்காரர் சிலருக்கே அது எட்டிற்று. சூப்பர் எட்டின் ஒரு சுருள் ஐம்பதடி. ஓடும் நேரம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதி. அதற்குள் ஒரு திருமணத்தை அடக்க வேண்டுமாயின், எதை எடுப்பது, எதை விடுவது என்று முன்னரே எண்ணித் தீர வேண்டும். சிக்கனமே அந்நாளில் திட்டமாக இருந்தது.

இந்நிலையை மாற்றியது வீடியோ. ஜப்பானில் 1976-இல் வி.எச்.எஸ். கேசட் வெளிவந்தது. நம் நாட்டில் 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவ, அதன் பின்னே வீடியோவும் வந்தது. ஒரே கேசட்டில் மூன்று மணி நேரம்! காசு கொடுத்தால் கண் மூடாமல் எடுக்கலாம் என்றாயிற்று. நாற்பதைக் கடந்த நம் போன்றோர் அக்காட்சியை மறந்திரோம்: தோளில் கனத்த கேமரா தாங்கிய ஒருவர், கண் கூசும் விளக்கைத் தூக்கிப் பிடித்த சிறுவன், அவன் பின்னே பந்தியில் இலைகளுக்கிடையே இழுபடும் கம்பி. வெளிச்சம் விழுந்ததும் கையிலெடுத்த கவளத்தை இலையில் போட்டுவிட்டு நேரே நிமிர்ந்து நோக்கும் மாமாக்களும் சித்தப்பாக்களும்.

அக்கேசட்டுகள் பயணமும் செய்தன. வளைகுடா நாட்டில் உழைத்த தமையன், தங்கையின் திருமணத்தைக் கேசட்டில்தான் கண்டான். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து கனடாவுக்கும் இலண்டனுக்கும் சிதறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கேசட்டே உறவினர் வருகையாக இருந்தது.

எனினும் அந்நாளில் ஒரு பெருந்தீங்கும் நேர்ந்தது. எடுத்த படத்தைக் கடையில் கொடுத்து 'மிக்சிங்' செய்வர். ரோஜா மலரினுள் மணமகள் முகம் தோன்றும். இதய வடிவில் மணமகன் சுழல்வான். இதில் குற்றமில்லை, சிறுவர்க்கு அது வேடிக்கை. ஆனால் மண்டபத்தில் இயல்பாகப் பதிந்த ஒலியை அழித்துவிட்டு, தொடக்கம் முதல் இறுதிவரை திரைப்படப் பாடல்களை ஏற்றினர். நமது காலனியில் ஒரு குடும்பத்தார் 1989-இல் திருப்பத்தூரில் நடந்த தம் வீட்டுத் திருமணக் கேசட்டை அண்மையில் போட்டுப் பார்த்தனர். மூன்று மணி நேரத்தில் தாத்தா பலமுறை வருகின்றார், வாய் அசைகின்றது, பாட்டுத்தான் கேட்கின்றது. ஒரு பாடல் முடிந்து மறுபாடல் தொடங்கும் இடைவெளியில் மட்டும், கேமரா பழத்தட்டின்மேல் நிலைத்திருக்கையில், எங்கோ ஓரத்திலிருந்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சா? டிரைவரைக் கூப்பிடுங்கப்பா" என்று அவர் குரல் எழுகின்றது. அவ்வளவே. அந்தச் சில நொடிகளை அக்குடும்பத்தார் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டனர். தாலி கட்டும் காட்சியை ஒருமுறைக்கு மேல் எவரும் கேட்கவில்லை.

மொய் ஏட்டின் நெறி இதுவன்றோ? வந்தவர் யார் என்பதே பிற்காலத்தார் தேடும் செய்தி. நம் வீடியோக்களோ மேடையையே சுற்றிச் சுற்றி வந்தன.

எஞ்சியுள்ளதற்கும் இடையூறு வந்துவிட்டது. காந்தச் சுருள் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து வெண்புள்ளி படரும். பத்து முப்பது ஆண்டுகளில் அதிலுள்ள பதிவு மங்கும். அதனை ஓட்டும் கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானியக் கம்பெனியான ஃபுனாயும் 2016 ஜூலையோடு அத்தொழிலை நிறுத்திவிட்டது. காந்தச் சுருள்களை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு 2025 வாக்கில் அருகிவிடும் என்று 2019-இலேயே யுனெஸ்கோ சார்பில் எச்சரிக்கை விடப்பட்டது. அவ்வாண்டும் கடந்துவிட்டது. தமிழின் முதல் மௌனப்படமெனப் போற்றப்படும் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று ஓரடிச் சுருளும் இன்றி மறைந்ததை எண்ணி வருந்துகின்றோம். நம் அலமாரியில் துணிக்கடியில் மறைந்துகொண்டிருப்பதை எண்ணுவதில்லை.

கேசட்டுக்குப் பின் வட்டத்தகடு வந்து, அதுவும் போய், இன்று கைப்பேசியே கேமராவாயிற்று. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது திருமணத்திற்கு ஐம்பதின்மர்க்கு மேல் கூடலாகாது என்றானபின், நம்மில் பலர் ஹெப்பகோடியில் ஓர் அறையில் அமர்ந்து தருமபுரியிலோ சேலத்திலோ நடந்த மணத்தைக் கைப்பேசியில் கண்டு, திரையை நோக்கி அட்சதை தூவினோம். அப்பதிவுகளுள் எத்தனை இன்று கையில் உள்ளன என்று அவரவர் தேடிப் பார்க்கலாம்.

இனி, தை மாதத்திலும் வைகாசியிலும் மணவிழா வைத்திருக்கும் நமது குடும்பங்களுக்கு இவ்வரலாற்றிலிருந்து சில கூறலாம். வானூர்தி போன்ற டிரோனை மண்டபத்துள் பறக்கவிடுவதை நாம் ஒப்புவதில்லை. அதன் காற்றில் விளக்கணைவதைப் பெரியோர் விரும்புவரோ? அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மேடைப்பக்கமே செல்லாத இரண்டாவது ஆள் ஒருவரை அமர்த்தலாம். அவரிடம் ஒரு சீட்டில் பெயர்களை எழுதிக் கொடுத்தல் வேண்டும்: இன்ன பாட்டி, இன்ன பெரியப்பா, ஊரிலிருந்து வந்த இன்ன வண்ணார், இன்ன சமையற்காரர். இவர்களை அடையாளம் காட்ட வீட்டுப்பிள்ளை ஒருவன் உடன் செல்லல் வேண்டும். படமெடுப்பவர் அயலார், நம் பெரியப்பாவை அவர் எங்ஙனம் அறிவார்?

லூமியேர் உடன்பிறப்பினர் எடுத்த படங்களுள் புகழ் மிக்கது இரயில் நிலையத்தில் வண்டி வந்து நிற்பதும் மக்கள் இறங்குவதுமே. நம் உறவினரும் சேலம் தடத்தில் வந்து ஹீலலிகேயில் இறங்குகின்றனர். 2025 ஆகஸ்டு முதல் மஞ்சள் தட மெட்ரோவில் ஹெப்பகோடி நிலையத்துக்கே வந்துவிடுகின்றனர். மூட்டையும் முடிச்சுமாக அவர்கள் வரும் காட்சியை ஒருவரும் எடுப்பதில்லை. முகூர்த்தத்திற்கு முந்திய நாள் மாலையில், மேளமும் ஒலிபெருக்கியும் தொடங்குமுன், முதியோர் ஒவ்வொருவரையும் அமைதியான அறையில் அமர்த்தி, தம் திருமணம் நடந்த விதத்தை ஐந்து நிமிடம் சொல்லச் செய்து பதிதல் இயலும். பாடல் ஏற்றிய படம் ஒன்று இருக்கட்டும். ஒலி மாற்றாத மூலப்பதிவையும் தனியே கேட்டு வாங்கிக்கொள்வோம். இதனை முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நன்று. பின்னர்க் கேட்டால் அழித்துவிட்டோம் என்பர். மூன்று படிகள் எடுத்து, ஒன்றை ஊரில் வைப்பது முறை. மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்த பெண் குழந்தைகளின் படத்தை, அக்குழந்தையும் பெற்றோரும் ஒப்பாமல் ஊரறியப் பரப்புதல் கூடவே கூடாது.

பழைய கேசட் வைத்திருப்போர் அதனை உடனே ஓட்டிப் பார்க்க முற்பட வேண்டா. பூஞ்சை பிடித்த சுருள் கருவியில் சிக்கின் அறுபடும், கருவியும் கெடும். சிறு கண்ணாடி வழியே வெண்மை தெரிகின்றதா என முதலில் நோக்குக. தெரியின் சுத்தம் செய்து மாற்றித் தருவோரிடமே கொடுக்க வேண்டும். தெரியாவிடினும் நாள் கடத்தாமல் மின்வடிவுக்கு மாற்றி, உறையின்மேல் நாளும் ஊரும், படத்தில் தோன்றுவோர் பெயரும் எழுதி வைக்கவும். பெயர் சொல்லத் தெரிந்த பாட்டியை அருகில் அமர்த்திக்கொண்டே அதனை எழுதுதல் நலம்.