பள்ளிப் பொறியியல் கல்வி

பள்ளிப் பொறியியல் கல்வி என்பது, பொறியியல் கல்லூரியில் சேரும் வயதுக்கு வெகுமுன்பே, மாணவர்கள் ஒரு தேவையை அறிந்து, அதற்கேற்ற பொருளையோ அமைப்பையோ தாமே திட்டமிட்டு, கையால் செய்து, சோதித்து, குறைகண்டு திருத்துவதற்கு வகுப்பறையிலேயே பழக்கும் முறையாகும். அறிவியல் செய்முறை வகுப்பில் முடிவு பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். பொறியியல் பணியிலோ ஒரே சிக்கலுக்குப் பல தீர்வுகள் இருக்கக்கூடும் என்பதால், செலவு, நேரம், கிடைக்கும் பொருள் ஆகிய வரம்புகளுக்குள் எது மேலானது என்பதை மாணவரே தீர்மானிக்க நேர்கிறது. இம்முறையின் வரலாறு நெடுகிலும் ஒரு வழக்கு ஓயாமல் தொடர்ந்திருக்கிறது: குழந்தைக்குக் கருவிகளைப் பிழையின்றிக் கையாளும் பயிற்சியை முதலில் கொடுப்பதா, சிக்கலையே முழுதாகக் கையில் கொடுத்துவிடுவதா என்பதே அவ்வழக்கு.

இதன் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைவேலைக் கல்வியில் உள்ளன. பின்லாந்தின் தொடக்கக் கல்வியை வகுத்த ஊனோ சிக்னேயஸின் முயற்சியால், 1866ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம் கைவேலையை அந்நாட்டின் பள்ளிப் பாடமாக்கியது. ஸ்லாய்டு எனப்படும் இக்கைவேலை முறையை, சுவீடனின் கோட்டன்பர்க் நகருக்கு அருகிலுள்ள நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் ஒழுங்குபடுத்தி, 1875 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். கத்தியால் சிறு குச்சியொன்றைச் சீவிக் கூராக்குவதில் தொடங்கி, படிப்படியாகக் கடினமாகிச் செல்லும் மரப்பொருள்களை மாணவர்கள் செய்தனர். எளியதோ அரியதோ, ஒவ்வொன்றும் வீட்டில் பயன்படும் முழுப்பொருளாக இருக்க வேண்டும் என்பது சாலமனின் விதி. இதற்கு நேர்மாறான வழியை, மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியை நடத்திய விக்தர் டெல்லா வோஸ் 1868 அளவில் வகுத்தார். அவர் பட்டறை வேலையை அராவுதல், இழைத்தல், பொருத்து வெட்டுதல் எனக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி அமைத்தார். பயிற்சியின் முடிவில் பயன்படும் பொருள் எதுவும் உருவாக வேண்டியதில்லை. அப்பயிற்சி மாதிரிகள் 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அவற்றைக் கண்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் ஜான் ரங்கிள் தம் கழகத்திலேயே அம்முறையைத் தொடங்கினார். 1880இல் கால்வின் உட்வர்ட் செயின்ட் லூயிஸ் நகரில் திறந்த கைப்பயிற்சிப் பள்ளியும் அதே வழியில் நடந்தது.

கைவேலையைத் திறனாகப் பார்க்காமல் சிந்தனைக்கான தூண்டுதலாகப் பார்த்தவர் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி. 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆய்வுப்பள்ளியில், குழந்தைகளிடம் ஆட்டுக் கம்பளியும் பருத்தியும் அப்படியே கொடுக்கப்பட்டன. காயிலிருந்தும் கொட்டையிலிருந்தும் பஞ்சைக் கையால் பிரிக்க ஒரு குழு அரை மணி நேரம் முயன்றும், ஓர் அவுன்சு, அதாவது சுமார் 28 கிராம், பஞ்சுகூடத் தேறவில்லை. முன்னோர் பருத்தியைவிடக் கம்பளியை மிகுதியாக உடுத்தது ஏன் என்பதையும், கொட்டை நீக்கும் எந்திரத்தின் அருமையையும் புத்தகத்தின் உதவியின்றி அவர்கள் உணர்ந்தனர் (பருத்தி விளையும் கோவில்பட்டிக் கரிசலில் பிறந்த குழந்தைக்கு இது செய்தியாகவே இருந்திராது). டூயியின் கருத்தைப் பின்பற்றிய வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரையால் ‘செயல்திட்ட முறை’ என்னும் பெயர் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் இச்சிந்தனை வேறொரு வடிவம் கொண்டது. 1937 அக்டோபரில் காந்தியின் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக் கல்வியின் பாடத்திட்டத்தை வகுத்தது. அக்குழுவின் அமைப்பாளர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். தஞ்சாவூரில் பிறந்த பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவும் அதில் இருந்தார். தக்ளி என்னும் கைக்கதிரில் நூல் நூற்கும்போதே நூலின் நீளத்தையும் எடையையும் கொண்டு கணக்கையும், பருத்தியைக் கொண்டு புவியியலையும் கற்பிக்கலாம் என்பது ஆதாரக் கல்வியின் அடிப்படை. ஆனால் தக்ளியையே திருத்தியமைப்பது பாடத்தின் மையத்துக்கு வரவில்லை. செய்வதற்கு இருந்த இடம் வடிவமைப்பதற்குக் கிடைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் பெற்றுக் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அது, அடுத்த ஆண்டிலேயே காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. உளி பிடிப்பதும் தறி நெய்வதும் சாதியோடு ஒட்டியிருந்த சமூகத்தில், பிள்ளைகளை இது குலத்தொழிலிலேயே கட்டிப்போடும் என்ற ஐயம் இயல்பானது. 

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியபின் அமெரிக்கா பள்ளி அறிவியலைத் திருத்தியமைத்தது. எனினும் அத்திருத்தத்தில் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் கிடைத்த கவனம் பொறியியலுக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்து இன்னும் துணிந்து நடந்தது: அதன் தேசியப் பாடத்திட்டத்தில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடம் 1990இல் 5 வயதிலிருந்தே கட்டாயமானது. இதற்கு முன்பே, ஜெனிவாவில் குழந்தை உளவியலறிஞர் பியாஜேயுடன் பணியாற்றிய கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட், 1967இல் தம் கூட்டாளிகளுடன் லோகோ என்னும் கணினி மொழியை உருவாக்கினார். தரையில் ஊர்ந்து கோடு வரையும் ‘ஆமை’ எந்திரத்துக்குக் கட்டளையிடும் குழந்தை, அது தவறாகத் திரும்பினால், தன் கட்டளையில் எந்த இடம் பிழை என்று தேடத் தொடங்குகிறது. பிழையைக் குற்றமாகக் கருதாமல் திருத்தவேண்டிய செய்தியாகக் கருதும் பழக்கமே பேப்பர்ட் வேண்டியது. 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோப் பெட்டி, அவர் 1980இல் எழுதிய நூலின் பெயரையே தாங்கியது.

அமெரிக்காவில் பொறியியல் தொடக்கப்பள்ளியின் பொதுப்பாடமானது மாசசூசெட்சில்தான். 2001இல் அம்மாநிலம், அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக, பொறியியலை எல்லா வகுப்புகளின் பாடவரையறையிலும் சேர்த்தது. 2003இல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கிறிஸ்டின் கன்னிங்காம் தொடங்கிய ‘எஞ்சினியரிங் இஸ் எலிமெண்டரி’ பாடத்தொகுப்பில், ஒவ்வொரு பாடமும் ஏதேனும் ஒரு நாட்டுச் சிறுவரைப் பற்றிய கதையுடன் தொடங்கும். நீர் வடிகட்டிப் பாடத்தின் கதை இந்தியச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. அதைப் படித்த மாணவர்கள் மணல், சல்லடை, வடிதாள் ஆகியவற்றை பிளாஸ்டிக் போத்தலுக்குள் தாம் விரும்பிய வரிசையில் அடுக்கி, மண்ணும் தேயிலையும் கலந்த அழுக்கு நீரை ஊற்றிப் பார்ப்பர். மண் எளிதில் தங்கிவிடும். நீரில் கரைந்துவிட்ட தேயிலைச் சாயம் மணலைத் தாண்டி வந்துவிடும். வடிதாளைக் கூட்டினால் கலங்கல் மேலும் குறையும், ஆனால் நீர் சொட்டுச்சொட்டாகத்தான் இறங்கும். தெளிவு, வேகம், செலவு மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது என்பது பத்து வயதுக்குள் கைக்குப் புலப்படுகிறது. கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என்னும் ஐந்து படிகளே இத்தொகுப்பின் முதுகெலும்பு. அவற்றுள் நேரமின்மையால் வகுப்பறையில் முதலில் பலியாவது ஐந்தாவது படிதான். அதை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் கைவினை வகுப்பு. 2013இல் வெளியான ‘அடுத்த தலைமுறை அறிவியல் தரங்கள்’ பொறியியல் வடிவமைப்பை அறிவியல் பாடத்துக்குள்ளேயே சேர்த்தன.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான முயற்சி, மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டமாகும். அதில் பணியாற்றிய அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர். ஆய்வுக்கூடம் இல்லாத ஊருக்கு ஏற்ற கருவியை அவர் கிராமச் சந்தையில் தேடினார். சைக்கிளின் காற்றடைப்பு வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயைச் சிறு துண்டுகளாக்கி, இருபுறமும் தீக்குச்சிகளைச் செருகினால் வளையும் மூட்டு கிடைக்கும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் அழுத்தினாலும் உருமாறாது. நான்கால் ஆன சதுரம் விரல் பட்டதும் சாய்சதுரமாகச் சரியும். குறுக்கே மூலைவிட்டமாக ஒரு குச்சி சேர்ந்ததும் நிமிர்ந்து நிற்கும். பாலச் சட்டங்களும் கூரைத் தாங்கிகளும் முக்கோணங்களால் ஆனதன் காரணம் சில பைசா செலவில் விளங்கிவிடுகிறது. அத்திட்டம் தேர்வையும் மாற்றியது: மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதினர், செய்முறைத் தேர்வும் உண்டு. மாநில அரசு 2002இல் அதை நிறுத்தியது.

2016இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு உரியவை. இத்திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தந்து, முப்பரிமாண அச்சுப்பொறி, மின்னணுப் பெட்டிகள் முதலியவற்றை வாங்கச் செய்கிறது. பெட்டியோடு வரும் செய்முறைத் தாளை அப்படியே பின்பற்றினால், டெல்லா வோஸின் பயிற்சி மாதிரிகள்தாம் மின்னணு வடிவில் திரும்பி வருகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் தச்சு, மண்பாண்டம் போன்ற கைத்தொழில் அறிமுகத்தைப் பரிந்துரைத்தபோது, தமிழ்நாட்டில் 1953ஆம் ஆண்டுத் திட்டத்தைச் சுட்டியே எதிர்ப்பு எழுந்தது. அதே வகுப்புகளில் பயிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய வானவில் மன்றம், தொழில் பழக்குவதைத் தவிர்த்து, தன்னார்வலர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று அறிவியல், கணிதச் செயல்பாடுகளை எளிய பொருள்களால் செய்து காட்டிச் செய்யவைக்கும் வழியைத் தேர்ந்தது.